என் புருவங்கள் மீதான விசாரணை

எங்கள் பல்கலைக்கழகம் இணையவழிப் படிப்பைத் தொடங்கியபோது மாணவர்கள் அனைவருக்கும் ஒரு கையேடு அனுப்பியது. ‘இணையவழிப் படிப்பில் மாணவர்கள் எதிர்பார்க்க வேண்டியவை’ என்று பெயர். நூற்றுப் பதினான்கு பக்கம். முதல் பதினோரு பக்கங்களில் பதினோரு பெரியவர்களின் வாழ்த்துரை, ஆளுக்கொரு படத்துடன். பன்னிரண்டாம் பக்கத்தில்தான் முதல் எதிர்பார்ப்பு தொடங்கியது: ‘உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்.’ அதற்கு நேர் கீழே: ‘வசதியான நேரம் காலை ஏழரை. ஒரு நொடி தாமதித்தாலும் வரவில்லை என்று குறிக்கப்படும்.’

நான் அதை மூன்று முறை படித்தேன். இணையவழிப் படிப்பில் சேர வேண்டுமானால், இணையவழிப் படிப்பில் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பது பற்றிய இணையவழிப் படிப்பில் முதலில் தேற வேண்டும் என்பது விதி. தேறினேன், சான்றிதழும் வந்தது. நம் முகமே ஒருநாள் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும், அதையும் எதிர்பாருங்கள் என்று அந்த நூற்றுப் பதினான்கு பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நான் சேர்ந்தே இருக்கமாட்டேன்.

என் பெயர் நேரிஸா. எங்கள் தீவு நாட்டில், அந்திகே மாகாணத்தில் கடலை ஒட்டிய ஊர். அம்மா சந்தையில் மீன் விற்கிறாள். ஆசிரியப் பட்டத்தின் கடைசி வருடத்தில் எனக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தது. அதன் பெயர் தொழில்நெறி. நேர்மையாக இருப்பது எப்படி என்று சொல்லித்தரும் பாடம். அதை இணையத்தில் மட்டும்தான் நடத்தினார்கள். அதில் தேறிவிட்டால் ஆசிரியர் உரிமத் தேர்வு எழுதலாம். இந்தப் பாடத்தில் ஏமாற்றினாள் என்று பெயர் வாங்கிவிட்டால் பல்கலைக்கழகப் பேரேட்டிலிருந்தே நீக்கிவிடுவார்கள், வேறு எந்தப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ளாது. நாலு வருடம் கடலில் கரைத்த உப்பு. எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். நாய் குரைத்தால்கூட நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பவள்.

வகுப்பு வாரத்துக்கு ஒருநாள், மூன்று மணி நேரம். முதலில் ஜெபம். பிறகு நெஞ்சில் கைவைத்து நாட்டுப்பண். அறுபத்தெட்டு மாணவர்களும் அவரவர் வீட்டுச் சமையலறையில் எழுந்து நின்றோம். பிறகு வரவேற்புரை, பேச்சாளரை அறிமுகம் செய்பவரின் அறிமுகம், அவர் செய்யும் அறிமுகம், ஊக்கவுரை, நன்றியுரை, நன்றி சொன்னவருக்குப் பாராட்டுச் சான்றிதழ். அதன் பிறகு திரையிலேயே குழுப்படம்: “எல்லாரும் சிரிங்க! முதல் பக்கம்! ரெண்டாம் பக்கம்! ஜெரோம், கேமராவ போடுப்பா!” இதெல்லாம் முடிந்து பேராசிரியர் “சரி, நேர்மை என்பது” என்று ஆரம்பிக்கும்போது அவர் ஊரில் மின்சாரம் போய்விடும். நான்கு மாதத்தில் நான் கேட்ட பாடம் மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். சான்றிதழ் பதினாறு சேர்ந்தது.

இதில் யாருக்கும் குறையில்லை. குறையெல்லாம் தேர்வில்தான். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகள் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள ‘மத்தா’ என்று ஒரு மென்பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். மத்தா என்றால் எங்கள் பேச்சில் கண். நம் கணினிக்குள் புகுந்து, கேமரா வழியாக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சந்தேகப் புள்ளி போடும். மூன்று புள்ளி சேர்ந்தால் விசாரணை.

மத்தா வந்து இரண்டு மாதம் கழித்து நடந்த அதன் திறப்பு விழாவில் தொலைக்கற்றல் நேர்மை அலுவலக இயக்குநர் டாக்டர் எவரிஸ்தோ கத்தூபிக் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள், ஒரு பல்லி ஊர இடமில்லை.

“அன்பான மாணவர்களே! மத்தாவுக்குத் தூக்கம் கிடையாது. பசி கிடையாது. சொந்தக்காரங்க கிடையாது. அதனாலதான் சொல்றேன், இந்தப் பல்கலைக்கழகத்துலயே நல்ல வாத்தியார் அதுதான். போன வருஷம் காப்பி அடிச்சு மாட்டினவங்க நாலே நாலு பேரு. மத்தா வந்த ரெண்டே மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பேரு! நம்ம நேர்மை நூறு மடங்கு வளர்ந்திருக்கு. கைதட்டுங்க. சில பேரு பயமா இருக்குன்னு கடுதாசி போடறாங்க. மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு? பயப்படற மாணவர் தன் குத்தத்த தானே ஒத்துக்கறாரு. அதையும் மத்தா பார்க்கும்.”

நான் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருந்தேன். பயப்படுவதே குற்றம் என்று தெரிந்ததும் இன்னும் பயந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மத்தாவுக்கு அதை யாரும் சொல்லாததால்தான் இத்தனையும் வந்தது. எங்களுக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல வாய் தேவையில்லை. இரண்டு புருவத்தையும் ஒருதரம் மேலே தூக்கி இறக்கினால் போதும். சாப்பிட்டாயா, படகு வந்ததா, என்னைக் கட்டிக்கொள்கிறாயா, எல்லாவற்றுக்கும் அதே புருவம்தான். ஒரு பொருள் எங்கே என்று கேட்டால் விரலை நீட்டமாட்டோம், அது மரியாதையில்லை. உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டுவோம். பிறந்த குழந்தைக்கே தெரியும்.

முதல் தேர்வன்று மத்தா கேட்டது: “அறையில் நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?”

நான் புருவத்தைத் தூக்கினேன்.

“கேள்வி கேட்டதா?”

தூக்கினேன்.

“கேள்வி கேட்டதா?”

சரியாகத் தெரியவில்லையோ என்று பலமாகத் தூக்கினேன். திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது. ‘மாணவி அறுபது விநாடிக்குள் பதில் தர மறுத்தார். கேமராவுக்குப் பின்னால் உள்ள அடையாளம் தெரியாத நபருக்குத் தொடர்ந்து சைகை செய்தார்.’ கேமராவுக்குப் பின்னால் இருந்தது ஆண்டவருடைய படம்.

என் தோழி லவெல்லாவைக் கூப்பிட்டு அழுதேன்.

“ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னேன்டி. மூணு தடவ சொன்னேன்.”

“வாயாலயா?”

“வாயால யாருடி சொல்லுவா?”

“அது சரிதான்” என்றாள். பல்கலைக்கழக உதவி மையத்துக்கு எழுதச் சொன்னாள். எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: ‘எங்கள் உதவியால் நீங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு எத்தனை நட்சத்திரம்?’ பயத்தில் ஐந்து கொடுத்தேன்.

இரண்டாவது தேர்வில் வாயால் பேசினேன். “ஆமாம். தனியாக இருக்கிறேன். கேட்டது” என்று போலீஸ்காரரிடம் சொல்வது போல் சொன்னேன். எல்லாம் நன்றாகப் போயிற்று. பதினெட்டாவது கேள்வியில் இருந்தபோது கதவு திறந்தது. அம்மா தலையை நீட்டினாள்.

“இந்தாடி, செதில் சீவற கத்தி எங்க?”

பேசினால் புள்ளி விழுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் இருந்த கூடைப் பக்கமாக உதட்டைக் குவித்து நீட்டினேன். அம்மா உள்ளே வந்து கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தாவின் குறிப்பு இது: ‘அடையாளம் தெரியாத பெண்ணுக்கு மாணவி ஓசையின்றி விடையை உதட்டால் தெரிவித்தார். பெண் அதைப் பெற்றுக்கொண்டு ஆயுதத்துடன் வெளியேறினார்.’

இரண்டாவது புள்ளி. சோறு இறங்கவில்லை. தூக்கத்தில்கூட யாரோ ஏதோ கேட்க, நான் புருவத்தைத் தூக்கிவிட்டு அலறி எழுந்தேன்.

அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னையா அடையாளம் தெரியாத பொம்பளன்னு சொல்லுது? இந்த ஊர்ல என்னத் தெரியாத நாய் இருக்கா?”

“அம்மா, அது மனுஷன் இல்ல.”

“மனுஷன் இல்லேன்னா அத வெச்சு எதுக்கு மனுஷங்கள படிக்க வைக்கறாங்க?”

கையேட்டின் நூற்றுப் பதினான்கு பக்கத்தையும் புரட்டினேன். இதற்குப் பதில் இல்லை.

கடைசித் தேர்வுக்கு வீடே தயாரானது. அம்மா சேவலைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினாள். பக்கத்து வீட்டில் போய்க் காலை முழுக்க யாரும் பாடக்கூடாது என்று சண்டை பிடித்துவிட்டு வந்தாள். ஆண்டவர் படத்தைக் கழற்றித் திருப்பி வைத்தாள், சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. பிறகு முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் துடைப்பத்துடன் உட்கார்ந்தாள். நான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். புருவம் ஆடக்கூடாது, உதடு குவியக்கூடாது, கண் அலையக்கூடாது. முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அப்படி. நிஜமாகவே ஒரு ஈ மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. அதைக்கூட நான் விரட்டவில்லை. தொண்ணூற்றேழு நிமிடம் எழுதி முடித்து, மூச்சு விட்டேன்.

சிவப்புப் புள்ளி.

‘மாணவிக்குப் பதிலாக மாணவியின் புகைப்படம் தேர்வு எழுதியதாகச் சந்தேகிக்கப்படுகிறது. புகைப்படம் ஒன்பது முறை கண் சிமிட்டியது குறித்துத் தனியே ஆராயப்படும்.’

விசாரணை அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, திரையில். குழுவில் மூன்று பேர். இயக்குநர் கத்தூபிக் தலைவர். பதிவாளர் சோலிதாத் மேடம் ஒருவர், எந்தக் கூட்டத்திலும் முதலில் அழுகிறவர். எங்கள் டீன் பாந்தலியோன் சார் இன்னொருவர், எந்தக் கூட்டத்திலும் முதலில் தூங்குகிறவர். மத்தா எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெபம் சொன்னோம். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றோம். அப்புறம் பதிவாளர் மேடம் சொன்னார்: “முதல்ல குழுப்படம் எடுத்துக்கலாம், அப்புறம் யாருக்கும் சிரிக்க மனசு வராது. நேரிஸா, சிரிம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்னை வெளியே அனுப்பப்போகிறவர்களுடன் சேர்ந்து நான் சிரித்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் எனக்குப் பங்கேற்புச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

“என்னம்மா சொல்ற?” என்றார் இயக்குநர்.

“சார், அது சைகை இல்ல சார். நான் ஆமாம்னு சொன்னேன். நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே சார்?”

“எனக்குத் தெரியாதாம்மா? என் பொண்டாட்டிய கட்டிக்க சம்மதமான்னு ஃபாதர் கேட்டப்ப நானே புருவத்தத்தான் தூக்கினேன். ஆனா எனக்குத் தெரியறது முக்கியமில்ல. மத்தாவுக்குத் தெரியணும்.”

“மத்தாவுக்கு யார் சார் சொல்லணும்?”

“நான்தான் சொல்லணும். அதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. அதுல மத்தாவோட முன் அனுமதி வேணும்.”

“அம்மா கத்திதான் சார் கேட்டாங்க.”

“பாவம்மா” என்று பதிவாளர் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க அம்மாவும் இப்படித்தான், எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. நான் உனக்காக நவநாள் ஜெபம் சொல்றேன், சரியா?”

“அந்தப் புகைப்படம் நான்தான் சார். பயத்துல அசையாம இருந்தேன்.”

“பயந்தியா?” இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பதிவாளர், குறிச்சுக்கங்க. பயந்ததா அவளே ஒத்துக்கிட்டா.”

மூவருக்கும் தெரியும். நான் எதையும் ஏமாற்றவில்லை என்று அந்த மூவருக்கும், என்னைப் பெற்றவளுக்குத் தெரிகிற மாதிரி தெரியும். தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் எனக்கு மத்தாவைவிடப் பயமாக இருந்தது.

“நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க” என்று இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். “முன்னெல்லாம் விசாரணைன்னா என்ன? ஆறு மாசம் இழுக்கும். யாராவது மீன் கொண்டாந்து கொடுப்பாங்க. யாருக்காவது மனசு இளகும். இப்ப அதெல்லாம் கிடையாது. மத்தா ஒரு கேள்வி கேட்கும். அறுபது விநாடி. நாங்க மூணு பேரும் வாயால பதில் சொல்லணும். ஒருத்தர் சொல்லலேன்னாலும் வழக்கு தள்ளுபடி, புள்ளியெல்லாம் அழிஞ்சு போயிடும். அப்புறம் நானே கால்ல விழுந்தாலும் திறக்காது. ஏன் அப்படி வெச்சிருக்கோம்? ஏன்னா எங்க மேலயே எங்களுக்கு நம்பிக்கை கிடையாது! இதத்தான் உலகத்தரம்னு சொல்றோம்.”

அப்போது அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு சேவல் கூவியது. சாதாரணச் சேவல் இல்லை, பந்தயச் சேவல். தொடர்ந்து இன்னொன்று, பிறகு ஏழெட்டு. தேர்விலும் விசாரணையிலும் விலங்குகளின் குரல் கேட்கக் கூடாது என்பது கையேட்டின் எழுபதாம் பக்கம், அவரே எழுதியது. அவர் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மெல்ல மைக்கை மூடினார். பக்கவாட்டில் திரும்பிச் சேவல்களை ஏதோ திட்டினார், வாய் மட்டும் அசைந்தது.

டீன் எழுப்பப்பட்டு, மூன்று புள்ளிகளையும் உரக்கப் படித்தார். ‘ஆயுதத்துடன்’ என்ற இடத்தில் எனக்காகக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். நல்ல மனிதர். பிறகு மத்தா பேசியது.

“மாணவியைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கக் குழுவுக்கு ஒப்புதல் உண்டா? அறுபது விநாடி.”

மூன்று பேரும் திரையிலிருந்து என்னைப் பார்த்தார்கள். பார்த்து, மூன்று பேரும் ஒரே சமயத்தில் புருவத்தைத் தூக்கினார்கள்.

“பதில் கேட்கவில்லை. ஐம்பது விநாடி.”

இயக்குநருக்குக் கோபம் வந்தது. இன்னும் பலமாகத் தூக்கினார். டீன் இரண்டு தடவை தூக்கினார்.

“நாற்பது விநாடி.”

“ஐயோ, வாயால, வாயால!” என்று பதிவாளர் மேடம் பதறினார். “ஆமாம்!”

“ஆமாம்” என்றார் டீன்.

“இரண்டு பதில்கள் கிடைத்தன. தலைவரின் பதில் கேட்கவில்லை. முப்பது விநாடி.”

இயக்குநர் வாயைத் திறந்து ‘ஆமாம்’ என்றார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, உதடு அப்படித்தான் அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி சொன்னார். மறுபடி. கழுத்து நரம்பு புடைக்க, மேசையில் தட்டித் தட்டி ‘ஆமாம்’ என்றார். சத்தம்தான் இல்லை. அவர் மைக் மூடியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதரிடம் போய் உங்கள் மைக் மூடியிருக்கிறது என்று சொல்வது, உங்கள் கால்சட்டையின் பித்தான் திறந்திருக்கிறது என்று சபையில் சொல்வதற்குச் சமம். டீன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பதிவாளர் மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. வாயால் சொல்லாமல், உதட்டைக் குவித்து அவர் பக்கமாக, கீழே இடது மூலையைக் காட்டினார். மைக்கின் பொத்தான் அங்கேதான் இருக்கிறது.

இயக்குநர் அதைப் பார்த்தார். எங்களைப் போலவே வளர்ந்தவர்தானே? உதடு காட்டிய பக்கம் திரும்பினார். பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார், இடது கீழ்மூலையில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். எழுந்து போய் அதை நேராக்கினார். திரும்பி வந்து, சரியா என்பது போலப் பதிவாளரைப் பார்த்தார். மேடம் இன்னும் பலமாக உதட்டை நீட்டினார். அவர் மறுபடி எழுந்து போய் அதற்குப் பக்கத்துச் சான்றிதழை நேராக்கினார்.

“பதினைந்து விநாடி.”

அவர் ஓடிவந்து உட்கார்ந்தார். இப்போது என்னைப் பார்த்தார். என்னை மட்டும். ‘நேரிஸா, நான் பேசறது கேட்குதா?’ என்று அவர் உதடு கேட்டது.

கேட்கவில்லை சார், மைக் மூடியிருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அம்மா வளர்த்திருக்கிறாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது போதாதென்று ஒரு வாரம் கண்ணாடி முன்னால் அடக்கிய புருவம் தானாக மேலே போகப் பார்த்தது. பல்லைக் கடித்தேன். நான் புகைப்படமானேன்.

“ஐந்து விநாடி. நேரம் முடிந்தது. தலைவர் ஒப்புதல் தரவில்லை. வழக்கு தள்ளுபடி. மூன்று புள்ளிகளும் நீக்கப்பட்டன.”

பதிவாளர் மேடம் அழ ஆரம்பித்தார், எந்தக் காரணத்துக்கென்று அவருக்கே தெரியவில்லை. டீன் மெல்லச் சிலுவை போட்டார். நான் மூச்சு விடப்போனேன். மத்தா விடவில்லை.

“மாணவிக்கு இறுதிக் கேள்வி. இந்த விசாரணையின்போது, உங்களுக்குத் தெரிந்த எதையேனும் குழுவிடம் சொல்லாமல் மறைத்தீர்களா? அறுபது விநாடி.”

அந்த நேரம் பார்த்து இயக்குநரின் விரல் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது. “ஆமாம்! ஆமாம்! ஆமாம்!” என்று அவர் குரல் என் அறையே அதிரும்படி வந்தது, பின்னணியில் அத்தனை சேவல்களுடன். என் உயிர் போய்த் திரும்பியது.

“இது மாணவியின் குரல் அல்ல” என்றது மத்தா. “மாணவி பதில் சொல்லவும். நாற்பது விநாடி.”

இயக்குநர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதும் புரிந்துவிட்டது.

“இல்லை” என்றேன். வாயைத் திறந்து, தெளிவாக, புருவம் துளியும் அசையாமல்.

மத்தா என் முகத்தை மேலிருந்து கீழ் வரை ஆராய்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ‘நேர்மை: நூற்றுக்கு நூறு’ என்று பொன்னெழுத்தில் ஒரு சான்றிதழ் வந்து விழுந்தது, அடியில் இயக்குநரின் கையெழுத்துடன். தொழில்நெறிப் பாடத்தில் நான் தேறிவிட்டேன். நான்கு மாதத்தில் மத்தாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.